'பேந்து' என்றால் பிறகு

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு வங்கிக் கிளையில் காவலாளியாக இருந்தேன். பட்டாளத்தில் இருந்து வந்தவனுக்கு எங்கள் வேலூர் பக்கம் கிடைக்கிற வேலை அதுதான், ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கியும் உட்கார ஒரு ஸ்டூலும். ஒரு நாள் மதியம் நல்ல கூட்டம். இலங்கை அகதிகள் முகாமில் இருந்து வந்த ஒரு அம்மா வரிசையைப் பார்த்தார், பக்கத்தில் நின்றவரிடம் "சரி, நான் பேந்து வாறன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அவ்வளவுதான் நடந்தது. நான் ஸ்டூலில் இருந்து எழுந்தவன் எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் நின்றேன்.

அந்த வார்த்தையை நான் முதலில் கேட்டது 1988 மே மாதம், யாழ்ப்பாணத்தில் வலிகாமம் பகுதியில் ஒரு கிராமத்தில். அப்போது அதற்கு அர்த்தம் தெரியாது. பேந்தப் பேந்த முழிப்பது என்று நம் பக்கம் சொல்வோமே, அது மட்டும்தான் தெரியும். அர்த்தம் தெரியாததால் அந்த வார்த்தையை விட்டுவிட்டேன். விட்டதால் ஒரு பையனை ஏற்றிக்கொண்டு போனார்கள். இதைத்தான் எழுத வந்தேன், ஆனால் சுற்றித்தான் வர முடியும்.

நான் 1982-ல் பட்டாளத்தில் சேர்ந்தேன், வயர்லெஸ் செட் தூக்குகிற வேலை. 1988 தொடக்கத்தில் எங்களை யாழ்ப்பாணத்துப் பலாலி விமானத்தளத்தில் கொண்டு போய் இறக்கினார்கள். எந்தப் படைப்பிரிவு, எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் படிக்கிறவர்கள் அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள், நான் தப்பித்துவிடுவேன்.

முன்கதை பலருக்குத் தெரியும், தெரியாத பிள்ளைகளுக்காகச் சுருக்கமாக. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலம் போட்டன. ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள், மறுநாளே இந்தியப் படை போய் இறங்கியது. அமைதி காக்கும் படை என்று பேர். முதலில் போனவர்களுக்கு சனங்கள் மாலை போட்டார்கள், இது கதை இல்லை, எங்கள் சீனியர்கள் மாலையோடு எடுத்த போட்டோவைக் காட்டியிருக்கிறார்கள். செப்டம்பரில் நல்லூரில் புலிகளின் திலீபன் உண்ணாவிரதம் இருந்து 26-ம் தேதி இறந்தார். அக்டோபர் 5-ல் பலாலியில் பிடித்து வைக்கப்பட்டிருந்த புலிகள் 17 பேர் சயனைடு கடித்தார்கள், 12 பேர் செத்தார்கள். அதற்கு அடுத்த வாரம் முழுச் சண்டை. மாலை போட்டதற்கும் குண்டு போட்டதற்கும் நடுவில் எண்பது நாள்கூட இல்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இருந்து இறங்கிய சீக்கிய லைட் இன்பன்ட்ரி வீரர்கள் 30 பேரில் 29 பேர் செத்ததை எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், சொல்ல வேண்டியதுதான். அதற்குப் பத்து நாள் கழித்து, தீபாவளி அன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் ஊழியர்களுமாக அறுபது பேருக்கு மேல் சுடப்பட்டுச் செத்ததை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எதிர்ச்சண்டையில் சிக்கிவிட்டார்கள் என்பது படைத் தரப்புப் பேச்சு, படுத்திருந்தவர்களைச் சுட்டார்கள் என்பது உயிர் பிழைத்தவர்கள் பேச்சு. எனக்கு இது தெரிய வந்ததே ஒரு டீக்கடைக்காரர் மூலம்தான். அவருக்கு அந்த 29 பேர் கதையில் அக்கறை இல்லை. ஒரே அக்டோபர் மாசம்தான், ஆனால் ஆளுக்கு ஒரு பாதிதான் தெரிந்தது, அவரவர் பாதியை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றோம்.

எங்கள் கம்பெனியில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் சமையல்காரர், இன்னொருவர் லீவில். அதனால் செட்டைத் தூக்கிக்கொண்டே நான்தான் துபாஷி வேலையும், அதாவது மொழிபெயர்த்துச் சொல்கிற வேலையும் பார்த்தேன். அதற்கு ஒரு பயிற்சியும் கிடையாது. தமிழன்தானே, தமிழ் தெரியாதா என்று அதிகாரிகள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். போன பிறகுதான் தெரிந்தது, பேசினால் 'கதைக்கிறது', ஆமாம் என்றால் 'ஓம்', புரியவில்லை என்றால் 'விளங்கேல்லை'. வேகமாகப் பேசினால், அதுவும் அழுதுகொண்டு பேசினால், எனக்குப் பாதிக்குப் பாதிதான் பிடிபடும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. துபாஷி என்றால் சென்ட்ரி டியூட்டி குறையும், அதிகாரியின் ஜீப்பில் இடம் கிடைக்கும். இதையும் எழுதத்தான் வேண்டும்.

அன்றைக்கு விடியற்காலை சுற்றிவளைப்பு. அந்த ஊர்க்காரர்கள் ரவுண்டப் என்பார்கள். ஆம்பிளைகளை எல்லாம் கோயில் வீதியில் உட்கார வைத்திருந்தோம், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஜீப்பில் தலையாட்டி. தலையில் சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு உட்கார வைத்திருப்பார்கள், ஒவ்வொருவராக முன்னால் வர வேண்டும், அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் போனான். இந்தத் தலையாட்டியை எல்லாரும் திட்டுவார்கள், நானும் திட்டியிருக்கிறேன், அவன் அங்கே எப்படி வந்து உட்கார்ந்தான், எத்தனை அடி வாங்கி வந்தான் என்று நான் யோசித்ததே கிடையாது. அன்றைக்கு ஒரு பையன் வந்தபோது சாக்கு ஆடவும் இல்லை, ஆடாமலும் இல்லை. அதிகாரி சலித்துப் போய் என்னைப் பார்த்தார். பையனுக்கு இருபது இருக்கும். கழுத்தில் சயனைடுக் கயிற்றின் தடம் இருக்கிறதா என்று சட்டைக் காலரை இழுத்துப் பார்த்தோம், இல்லை. முழங்கையைத் திருப்பிப் பார்த்தோம், ஊர்ந்து பயிற்சி எடுத்த காய்ப்பு இல்லை. கையை விரிக்கச் சொன்னேன். நகக்கண் முழுக்க செம்மண், அந்த ஊர் மண் அப்படியொரு சிவப்பு. விரலில் வெங்காய வாடை.

அதற்குள் வேலிப் பக்கம் நின்ற பெண்கள் கூட்டத்தில் இருந்து அவன் அம்மா ஓடி வந்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "அவன் முந்தி இயக்கத்தில இருந்தவன்தான் ஐயா, பேந்து விட்டிட்டு வந்திட்டான், இப்ப தோட்டம்தான் செய்யிறான்."

அதிகாரி இந்தியில் என்ன சொல்கிறாள் என்றார். நான் சொன்னது இவ்வளவுதான்: "இயக்கத்தில் இருந்தவன் என்கிறாள், சாப்."

இதில் எத்தனை விட்டுப் போனது என்று பாருங்கள். 'பேந்து' என்றால் பிறகு, அப்புறம். அதை விட்டேன். 'விட்டிட்டு வந்திட்டான்' என்பது அந்த அழுகையில் சரியாகக் காதில் விழவில்லை, திருப்பிக் கேட்கவில்லை. 'தோட்டம் செய்யிறான்' என்றால் அங்கே விவசாயம் பார்க்கிறான் என்று அர்த்தம். எனக்குத் தோட்டம் என்றால் கனகாம்பரம், கொய்யாமரம். அதையும் விட்டேன். 'இயக்கம்' என்று அந்த அம்மா சொன்னது எந்த இயக்கம்? புலிகள் மட்டுமா இருந்தார்கள், டெலோ, புளொட், ஈபிஆர்எல்எஃப், ஈரோஸ் என்று அத்தனை பேர், அதில் சிலர் அப்போது எங்களோடே திரிந்தார்கள். நான் கேட்கவில்லை. அதிகாரியின் காதில் இயக்கம் என்றால் புலிதான்.

இதெல்லாம் தெரியாமல் நடந்தது என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த நகக்கண் செம்மண்ணை நான் பார்த்தேனே. கிராமத்தில் பிறந்தவன் நான், காலையில் வெங்காயத்துக்கு மண் அணைத்துவிட்டு வந்த கை எது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல எனக்கு யாழ்ப்பாணத் தமிழ் தேவையே இல்லை, இந்தியில் நாலு வார்த்தை போதும். வெயிலில் தலை வலித்தது. செட்டு முதுகை அறுத்தது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. பையனை ட்ரக்கில் ஏற்றினார்கள். அந்த அம்மா ட்ரக்கைப் பார்த்து ஓடவில்லை, என் முன்னால் நின்று என் வாயையே பார்த்தார். நான் என்ன சொன்னேன் என்று அவருக்குப் புரியவில்லை அல்லவா, இந்தி.

அடுத்த வாரம் எங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவன் திரும்பி வந்தானா, வந்தால் எப்படி வந்தான் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

ராணுவத்தினரின் பொறுப்பு என்று பேச்சு வந்தால் உடனே எல்லாரும் 'மேலிடத்துக் கட்டளை' என்ற இடத்துக்குப் போய்விடுவார்கள். கட்டளையை மீறினால் கோர்ட் மார்ஷல், அவன் என்ன செய்வான் பாவம் என்று ஒருவர், கட்டளை என்றால் கொல்லுவானா என்று இன்னொருவர். சட்டத்தில் இதற்கு விடை பழசு. 1950-ம் வருஷத்து நம் ராணுவச் சட்டத்தின் 41-ம் பிரிவு கீழ்ப்படியாமையைத் தண்டிக்கிறது, ஆனால் அதில் கட்டளை என்ற சொல்லுக்கு முன்னால் 'சட்டப்படியான' என்று ஒரு சொல் இருக்கிறது. எனக்கு அது தெரிந்ததே ரிட்டயர் ஆன பிறகு, ஒரு வக்கீல் சொல்லி. பயிற்சியில் எனக்குச் சொல்லிக் கொடுத்த ஞாபகம் இல்லை. நியூரம்பெர்க் விசாரணைக்குப் பிறகு உலகம் முழுக்க ஒத்துக்கொண்டதும் இதேதான்: மேலதிகாரி சொன்னார் என்பது பொறுப்பில் இருந்து விடுவிக்காது, மனசாட்சிப்படி வேறு வழி இருந்ததா என்று பார்க்க வேண்டும். வியட்நாமில் 1968 மார்ச் 16 அன்று மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கான சனங்களைச் சுட்டுக்கொண்டிருந்தபோது, ஹியூ தாம்சன் என்ற ஹெலிகாப்டர் பைலட் தன் சொந்தப் படைக்கும் கிராமத்து ஆட்களுக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கினார். அவருக்கும் அன்றைக்குத் தனியாக எந்தக் கட்டளையும் வரவில்லை.

என் விஷயத்துக்கு இந்தச் சட்டம் எதுவும் வந்து சேராது என்பதுதான் என்னை அரிப்பது. எனக்கு யாரும் சட்டவிரோதமாகக் கட்டளை போடவில்லை. பாதி வாக்கியத்தை முழுங்கு என்று யார் சொன்னார்கள்? அந்த அதிகாரி ஒன்றும் ராட்சசன் இல்லை, "தோட்ட வேலை செய்கிற கை சாப், முன்னாடி இருந்துவிட்டு விலகிவிட்டானாம்" என்று சொல்லியிருந்தால் அவர் இன்னொரு முறை விசாரித்திருப்பார், விட்டும் இருப்பார். ஒரு கட்டளைக்கும் அடுத்த கட்டளைக்கும் நடுவில் சிப்பாயின் கையில் நிறைய நேரம் இருக்கிறது. அடித்துத் தள்ளுவதா பிடித்துத் தள்ளுவதா, தண்ணீர் கொடுப்பதா, கண்டதைச் சொல்வதா. அதெல்லாம் எந்தக் கட்டளைப் புத்தகத்திலும் இல்லை, எந்த விசாரணைக் கமிஷனும் அங்கே வந்து எட்டிப் பார்க்காது.

அதனால் பட்டாளத்துக்குப் போகிற பிள்ளைகள் யாராவது என்னிடம் பேச வந்தால் தர்மம், நியாயம் என்று பெரிதாகப் பேசுவதில்லை. இரண்டு மூன்று காரியம் சொல்வேன். மொழி தெரியும் என்று பொய் சொல்லாதே. புரியவில்லை என்றால் "புரியவில்லை சாப், திரும்பக் கேட்கிறேன்" என்று சொல், அதிகபட்சம் திட்டுவார்கள். அவர்கள் சொன்னதைச் சுருக்காதே, நீளமாக இருந்தால் நீளமாகவே சொல், சுருக்குவது உன் வேலை இல்லை. சந்தேகமான உத்தரவு வந்தால் எதிர்த்துப் பேசத் தைரியம் எல்லாருக்கும் வராது, வயர்லெஸ்ஸில் செய்வது போல அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்: "இந்த வீட்டை எரிக்கச் சொல்கிறீர்கள், சரிதானா சாப்?" தன் வாயால் சொன்னதை இன்னொருவன் வாயால் கேட்டால் பாதிப் பேர் பின்வாங்குவார்கள். இதை நானே பார்த்திருக்கிறேன், என்னைவிட வயசில் மூத்த ஒரு ஹவில்தார் இப்படித்தான் ஒரு வைக்கோல்போரையும் அதை ஒட்டிய குடிசையையும் காப்பாற்றினார்.

கூட இருந்தவன் செத்த அன்றைக்கு எந்தச் சோதனைக்கும் போகாதே, போக வேண்டி வந்தால் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு செட்டைத் தூக்கு, ஜீப்பை ஓட்டு, வேறு எதையாவது செய். 1989 ஆகஸ்ட் 2-ம் தேதி வல்வெட்டித்துறையில் ரோந்து போன படை மேல் புலிகள் தாக்கினார்கள், ஆறு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு அன்றைக்கும் மறுநாளும் அந்த ஊரில் அறுபது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன. நான் அப்போது வேறு பக்கம் இருந்தேன். எங்கள் முகாமில் அந்தச் செய்தி வந்தபோது பேச்சு அந்த ஆறு பேரைப் பற்றித்தான் ஓடியது. அந்தக் கோபம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், காதுக்குள் ஒரு இரைச்சல் மாதிரி இருக்கும், நியாயமாகவே தோன்றும். அதனால்தான் அதிகாரிகளுக்குச் சொல்கிறேன், அடி வாங்கிய பிளட்டூனை அதே ஊருக்குள் அன்றைக்கே திருப்பி அனுப்பாதீர்கள்.

சரி, அனுப்பியவர்கள்? அவர்கள் கணக்கு பெரியது, அதைச் சொல்லாமல் சிப்பாயை மட்டும் கூண்டில் ஏற்றுவது அநியாயம். அடுத்தவர் நாட்டுக்குள் படை போனால் முதல் நாள் கொள்கை ஒன்றாக இருக்கும், மூன்றாவது மாசம் தன் படையைக் காப்பாற்றிக்கொள்வதே கொள்கையாகிவிடும், இது எங்களுக்கு அப்படியே நடந்தது. எங்களுக்கு உள்ளூரில் ஆதரவு தேவைப்பட்டது, அதனால் 1989-ல் எங்கள் நிழலில் தமிழ் தேசிய ராணுவம் என்று ஒன்றுக்குப் பள்ளிக்கூடப் பையன்களைத் தெருவில் பிடித்துச் சேர்த்தார்கள். நாங்கள் கிளம்பிய பிறகு அந்தப் பையன்கள் புலிகள் கையில் மாட்டினார்கள், நிறையப் பேர் செத்தார்கள். அதே வருஷம் கொழும்பில் புது அதிபர் பிரேமதாசா எங்களை வெளியேறச் சொன்னார், எங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்தார். யாரைக் காப்பாற்றப் போனோமோ அவர்களும் விரட்டினார்கள், யாரிடம் இருந்து காப்பாற்றப் போனோமோ அவர்களும் விரட்டினார்கள். 1990 மார்ச் 24-ல் கடைசிக் கப்பல் திருகோணமலையில் இருந்து கிளம்பியது. எங்கள் பக்கம் செத்தவர்கள் சுமார் 1,200 பேர். சென்னையில் வந்து இறங்கியவர்களை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை, என் கூட இருந்தவர்களுக்கு அதில் கடுங்கோபம். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது, வந்து என் கையைக் குலுக்கியிருந்தால் என்ன செய்திருப்பேன். அடுத்த வருஷம் மே 21, ஸ்ரீபெரும்புதூர். அதற்கு மேல் நம் ஊரில் இதைப் பற்றி எந்தப் பக்கத்தையும் நிதானமாகப் பேச முடியாமல் போய்விட்டது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஆகவே என் மேல் தப்பில்லை என்று முடிக்கத் தோன்றும். பல வருஷம் அப்படித்தான் முடித்தேன். தில்லியில் போட்ட கணக்கு தப்பு என்பது உண்மைதான், ஆனால் அந்த நகத்தைப் பார்த்த கண் தில்லியில் இல்லை.

2014-ல் நல்லூர்த் திருவிழாவுக்கு என்று சொல்லிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். வீட்டில்கூட உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. அந்தக் கிராமத்துக்கு ஆட்டோ பிடித்துப் போய், கோயில் வீதியில் இறங்கி நின்றேன். வீதி சின்னதாகத் தெரிந்தது. பனையோலை வேலி இருந்த இடத்தில் மதில். கடையில் சோடா வாங்கினேன், கடைக்காரருக்கு என் வயசு இருக்கும், என் பேச்சைக் கேட்டுவிட்டு "இந்தியாவோ?" என்றார். ஆமாம் என்றேன். சில்லறையை எண்ணிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அந்த நேரம் வந்தனீங்களோ?" என்றார்.

இல்லை, சாமி கும்பிட வந்தேன் என்றேன்.

அவர் நம்பினாரா என்று தெரியாது. அவர் கோபமாகக் கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன், சும்மா கேட்டார். மன்னிப்புக் கேட்கவும் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனவன், சோடா பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். இதில் இருந்து ஒன்று தெரிந்துகொண்டேன். என்னைப் போல யாராவது இப்படிப் போவதாக இருந்தால், முதலில் நடந்ததைத் தேதியோடு இடத்தோடு எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், வாய் கடைசி நிமிஷத்தில் காலை வாரும். அவர்களுக்கும் நம் கண்ணீர் தேவைப்படாது, அன்றைக்கு அந்த ட்ரக் எந்தப் பக்கம் திரும்பியது என்ற தகவல்தான் தேவைப்படும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த டாக்டர் ராஜனி திராணகம, நாங்கள் செய்ததையும் புலிகள் செய்ததையும் ஒன்றுவிடாமல் எழுதி வைத்தவர், 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீட்டுக்குத் திரும்புகிற வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். உயிரோடு பென்ஷன் வாங்குகிற எனக்கு எழுதுவதில் என்ன வந்துவிடப் போகிறது என்று அதற்கப்புறம்தான் நோட்டு வாங்கினேன்.

போன வருஷம் என் தம்பி பேரன் வந்தான். அவனும் பட்டாளம்தான். தெற்கு சூடானுக்கு ஐ.நா. அமைதிப்படையில் போகிறான், தில்லியில் அதற்கென்றே இருக்கிற மையத்தில் வகுப்பெல்லாம் எடுத்தார்களாம், எங்கள் காலத்தில் அதெல்லாம் ஏது. அவனிடம் ஒரு பாக்கெட் நோட்டைக் கொடுத்தேன். யாரையாவது பிடித்தால், ஒப்படைத்தால், ஒரு வரி எழுதிக்கொள் என்றேன். பெயர், நேரம், இடம், யாரிடம் ஒப்படைத்தாய், அப்போது எப்படி இருந்தான். மேலே எழுதுகிற ரிப்போர்ட் வேறு, இது உனக்கு. நான்கு வருஷம் கழித்து ஒரு அம்மா வந்து கேட்டால் சொல்வதற்கு உன்னிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

வாங்கிப் புரட்டிப் பார்த்தான். பிறகு, அந்தப் பையன் பேர் என்ன தாத்தா என்று கேட்டான்.

நான் கேட்கவில்லை. அதிகாரியும் கேட்கவில்லை. வயர்லெஸ்ஸில் நான்தான் தகவல் சொன்னேன், "ஒருத்தன்" என்று.